எஸ்ஐ4703 எஃப்எம் ரிசீவர் போர்டு: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

இந்த போர்டில் பாட்டு வரவில்லை என்றால் ஆன்டெனாவை ஆட்டிப் பார்ப்பதும் ஸ்பீக்கரை மாற்றிப் பார்ப்பதும் அப்புறம். முதலில் ரெஜிஸ்டர்களை, அதாவது சிப்புக்குள் அமைப்பும் நிலையும் இருக்கும் சின்ன நினைவு அறைகளை, படியுங்கள். சிப் எந்தப் படியில் நிற்கிறது என்று அதுவே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினால் நல்ல போர்டும் கெட்டுவிடும்.

சிலிக்கான் லேப்ஸின் எஸ்ஐ4703 சிப்பை வைத்து ஸ்பார்க்ஃபன் வெளியிட்ட, ஹெட்போன் ஜாக்கோடு வரும் எஃப்எம் டியூனர் மதிப்பீட்டு போர்டைப் பற்றியது இது. அதே சிப் உள்ள மற்ற சின்ன போர்டுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். சிப்புக்குள் 16 ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 16 பிட். கீழே ரெஜிஸ்டர் எண்கள் 0 முதல் 15 வரை சாதாரண எண்ணில் இருக்கும். ரெஜிஸ்டருக்குள் இருக்கும் மதிப்பு ஹெக்ஸில் (பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்ணில்) இருந்தால் 'ஹெக்ஸ்' என்று முன்னால் சொல்லியிருக்கும். வலது கோடி பிட் 0, இடது கோடி பிட் 15.

வயரிங் ஐந்தே கம்பிகள்தான்: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டிஐஓ (டேட்டா), எஸ்சிஎல்கே (கடிகாரம்), ஆர்எஸ்டி (ரிசெட்). மைக்ரோகன்ட்ரோலர் ஈஎஸ்பி32 என்றால் எஸ்டிஐஓ அதன் 21-வது பின்னுக்கும் எஸ்சிஎல்கே 22-க்கும் போகட்டும். ஆர்எஸ்டியை 4-இல் கொடுங்கள். 12-இல் கொடுக்க வேண்டாம். பூட் ஆகும்போது அந்தப் பின் மேலே (3.3 வோல்ட்டில்; கீழே என்றால் 0 வோல்ட்) இருந்தால் ஃபிளாஷ் வோல்டேஜ் மாறி ஈஎஸ்பியே எழாது. ஆர்டுயினோ ஊனோவில் ஏ4, ஏ5, டிஜிட்டல் 2. ஆனால் ஊனோ 5 வோல்ட் போர்டு, இந்தச் சிப்பின் இன்டர்ஃபேஸ் சப்ளை 3.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மூன்று கம்பிகளுக்கும் லெவல் ஷிஃப்டர் போடுங்கள். 'நேராகக் கொடுத்தும் ஓடுகிறதே' என்பார்கள். ஓடும்தான். ஆனால் ஆர்எஸ்டியில் 5 வோல்ட் ஏறும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக கரண்ட் ஓடுகிறது. சில மாதம் கழித்து வரும் புரியாத கோளாறுக்கு இதுவே விதை.

பார்க்க வேண்டியவை மூன்று. 0-வது ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 1242 வந்தால், சிப்போடு பேச்சுவார்த்தை சரியாக நடக்கிறது. 1-வது ரெஜிஸ்டர் சிப் தூங்கும்போது ஹெக்ஸ் 1200, விழித்தபின் ஹெக்ஸ் 1253. சிப்பின் சி19 பதிப்புக்கு இதுதான் கணக்கு. மூன்றாவது 10-வது ரெஜிஸ்டரின் 14-வது பிட், எஸ்டிசி. டியூன் முடிந்ததும் அது 1 ஆகும். மூன்றும் சரி என்றால் மட்டும் ஆடியோ பக்கம் போகலாம்.

ஐ2சி ஸ்கேனரில் முகவரியே வரவில்லை

போர்டு செத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் போர்டு நன்றாகவே இருக்கும். இந்தச் சிப் வெறும் பவர் கொடுத்தவுடன் ஐ2சி (டேட்டா, கடிகாரம் என்ற இரண்டு கம்பியில் பேசும் முறை) பேசாது. ஆர்எஸ்டி கீழிருந்து மேலே ஏறும் அந்த ஒரு கணத்தில் மற்ற பின்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, எந்த மொழியில் பேசுவது என்று முடிவு செய்துகொள்ளும். அந்தக் கணத்தில் எஸ்டிஐஓ கீழே, எஸ்ஈஎன் என்ற இன்னொரு பின் மேலே இருந்தால் இரண்டு கம்பி முறை, அதாவது ஐ2சி. எஸ்ஈஎன் கீழே இருந்தால் மூன்று கம்பி முறை. எஸ்டிஐஓவில் கம்பியை 3.3 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இருப்பதால், நாம் வேண்டுமென்றே கீழே இழுத்துப் பிடிக்காவிட்டால் அது மேலேதான் இருக்கும். அதனால்தான் சாதாரண ஸ்கேனர் நிரலை ஏற்றினால் ஒன்றும் கிடைப்பதில்லை.

ஸ்கேனர் நிரலின் தொடக்கத்தில், ஐ2சியை இயக்கும் வயர் லைப்ரரியைத் தொடங்கும் வரிக்கு முன்னால், இந்த வரிசையைச் சேருங்கள்:

1. ஆர்எஸ்டி, எஸ்டிஐஓ இரண்டையும் அவுட்புட் ஆக்குங்கள்.
2. எஸ்டிஐஓவைக் கீழே இறக்குங்கள்.
3. ஆர்எஸ்டியைக் கீழே இறக்கி 1 மில்லிசெகண்ட் காத்திருங்கள்.
4. எஸ்டிஐஓ கீழேயே இருக்க, ஆர்எஸ்டியை மேலே ஏற்றுங்கள். இன்னொரு 1 மில்லிசெகண்ட்.
5. இப்போது வயர் லைப்ரரியைத் தொடங்குங்கள்.

இதற்குப் பிறகு ஸ்கேன் செய்தால் ஹெக்ஸ் 10 என்ற முகவரி தெரிய வேண்டும். சில ஆவணங்களும் கருவிகளும் எட்டு பிட் கணக்கில் ஹெக்ஸ் 20, 21 என்று காட்டும். ஆர்டுயினோவிலும் ராஸ்பெர்ரி பையிலும் ஹெக்ஸ் 10 என்றே கொடுக்க வேண்டும்.

அப்படியும் வரவில்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். நிரல் ஓடி முடிந்த நிலையில் ஆர்எஸ்டி, எஸ்டிஐஓ, எஸ்சிஎல்கே, எஸ்ஈஎன் நான்கிலும் 3.3 வோல்ட் இருக்க வேண்டும். எஸ்டிஐஓ மட்டும் 0 என்றால், பின் இன்னும் அவுட்புட்டாகவே இருக்கிறது அல்லது புல்-அப் இல்லை. பவரை எடுத்துவிட்டு எஸ்டிஐஓவுக்கும் 3.3 வோல்ட் பின்னுக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள்; சில கிலோஓம் காட்டினால் புல்-அப் இருக்கிறது. இல்லையென்றால் இரண்டு கம்பிக்கும் 4.7 கிலோஓம் போடுங்கள். ஈஎஸ்பி32-இன் உள் புல்-அப் சுமார் 45 கிலோஓம். அதை மட்டும் நம்பி 400 கிலோஹெர்ட்ஸில் ஓட்ட முடியாது.

எஸ்சிஎல்கேயின் புல்-அப்பைக் குறிப்பாகப் பாருங்கள். ஆர்எஸ்டி ஏறும்போது எஸ்சிஎல்கே மேலே இருக்க வேண்டும், முதல் ஸ்டார்ட் (பேச்சைத் தொடங்கும் சைகை) வரும்வரை மேலேயே இருக்க வேண்டும் என்பது டேட்டாஷீட்டின் நிபந்தனை. புல்-அப் இல்லாத எஸ்சிஎல்கே அந்த நேரத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு தடவை முகவரி வரும், அடுத்த தடவை வராது என்ற ஆட்டத்துக்கு இது ஒரு காரணம்.

ஓஎல்ஈடி திரையையும் அதே கம்பிகளில் மாட்டியிருந்தால் வரிசை முக்கியம். திரையின் லைப்ரரி முதலில் வயரைத் தொடங்கிவிட்டு, பிறகு நீங்கள் எஸ்டிஐஓவை அவுட்புட் ஆக்கினால், ஈஎஸ்பி32-இல் அந்தப் பின் ஐ2சியை விட்டே கழன்றுவிடும். திரை எரியும், ரேடியோ கிடைக்காது. அல்லது ரேடியோ கிடைத்து திரை உறைந்துவிடும். ரேடியோ ரிசெட் முதலில், வயர் இரண்டாவது, திரை மூன்றாவது.

முகவரி வருகிறது, படித்தால் குப்பை

வேறு சென்சார்களோடு பழகியவர்கள் இங்கே வழுக்குவார்கள். வழக்கமான ஐ2சி சிப்பில் முதலில் ரெஜிஸ்டர் எண்ணை அனுப்புவோம், பிறகு படிப்போம் அல்லது எழுதுவோம். இந்தச் சிப்பில் ரெஜிஸ்டர் எண் அனுப்பும் வேலையே கிடையாது. படிக்கத் தொடங்கினால் எப்போதும் 10-வது ரெஜிஸ்டரின் மேல் பைட்டில் தொடங்கி 15 வரை போய், சுற்றிவந்து 0 முதல் 9 வரை கொடுக்கும். எழுதத் தொடங்கினால் எப்போதும் 2-வது ரெஜிஸ்டரின் மேல் பைட்டிலிருந்துதான்.

ஆகவே 32 பைட்டும் ஒரே மூச்சில் படியுங்கள். முதல் 12 பைட்டுகள் ரெஜிஸ்டர் 10 முதல் 15 வரை. அடுத்து வரும் 13, 14-வது பைட்டுகள் ஹெக்ஸ் 12, ஹெக்ஸ் 42 என்று இருக்க வேண்டும். அதுதான் 0-வது ரெஜிஸ்டர். 12-உம் 42-உம் வேறு இடத்தில் தெரிந்தால் சிப்பில் பிழையில்லை, அடுக்கும் கணக்கில்தான் பிழை. 32 பைட்டும் 255 என்று வந்தால் யாரும் பதில் சொல்லவில்லை. ரிசெட் பகுதிக்குத் திரும்புங்கள்.

பொதுவான 'ரெஜிஸ்டரில் எழுது' ஃபங்ஷனைப் பயன்படுத்தினால், அது முதலில் அனுப்பும் ரெஜிஸ்டர் எண்ணே 2-வது ரெஜிஸ்டரின் மேல் பைட்டாகப் போய் உட்காரும். மற்றதெல்லாம் ஒரு பைட் தள்ளிப் போகும். எழுதிய மதிப்பு பக்கத்து இடத்தில் தெரிகிறது என்றால் இதுதான்.

ராஸ்பெர்ரி பையில் இதே சிக்கல் இன்னும் மறைவாக இருக்கும். பைத்தானின் எஸ்எம்பஸ் லைப்ரரியில் பிளாக் படிக்கும் ஃபங்ஷன், படிப்பதற்கு முன் ஒரு கட்டளை பைட்டை எழுதுகிறது. எல்லோரும் அங்கே 0 கொடுப்பார்கள். அந்த 0 நேராக 2-வது ரெஜிஸ்டரின் மேல் பைட்டுக்குத்தான் போகும், அங்கே இருக்கும் மியூட் பிட்டையும் அழித்துவிடும். நிலையைப் படிக்கும்போதெல்லாம் பாட்டு நின்றுபோவதற்கு இதுவே காரணம். கட்டளை பைட்டில் 0-க்குப் பதிலாக, 2-வது ரெஜிஸ்டரின் மேல் பைட்டில் இப்போது என்ன இருக்க வேண்டுமோ அதையே கொடுங்கள்; சாதாரணமாக ஹெக்ஸ் 40. அல்லது எஸ்எம்பஸ்2-இல் கட்டளை பைட் இல்லாமல் வெறுமனே படிக்கும் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அதுவே சுத்தமான வழி.

1242 வருகிறது, ஆனால் சிப் 1200-லேயே நிற்கிறது

சிப் தூங்குகிறது. எழுப்பும் வரிசை இது. முதலில் 7-வது ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 8100 எழுதி கிரிஸ்டல் ஆசிலேட்டரைத் தொடங்குங்கள். 500 மில்லிசெகண்ட் காத்திருங்கள். பிறகு 2-வது ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 4001 எழுதி 110 மில்லிசெகண்ட் காத்திருங்கள். இப்போது படித்தால் 1-வது ரெஜிஸ்டர் 1253 ஆகியிருக்க வேண்டும்.

500 மில்லிசெகண்ட் நிறைய என்று குறைத்துவிடாதீர்கள். 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் மெதுவாகத்தான் ஆடத் தொடங்கி நிலைக்கு வரும். கடிகாரம் நிலைக்கு வருமுன் சிப்பை எழுப்பினால், சில போர்டுகளில் ஓடும், சிலவற்றில் ஓடாது. குளிர்ந்த அறையில் ஒருமாதிரி, வெயிலில் ஒருமாதிரி. 8100-இல் இருக்கும் அந்த 1-ஐயும் விட்டுவிடாதீர்கள். அது ஒதுக்கப்பட்ட பிட்டுகளில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பு. இருந்தபடியே திருப்பி எழுத வேண்டும்.

2-வது ரெஜிஸ்டரில் 0-வது பிட் சிப்பை எழுப்பும், 6-வது பிட் தூங்க வைக்கும். இரண்டும் 1 ஆக இருந்தால் தூக்கம்தான் ஜெயிக்கும்.

எழுதும் வரிசை சரியாக இருந்தும் டியூன் நடக்கவே இல்லை, எஸ்டிசி பிட் 1 ஆகவே இல்லை என்றால் கிரிஸ்டலைச் சந்தேகியுங்கள். சால்டர் ஃபிளக்ஸ் படிந்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பிரஷும் வைத்துத் துடைத்துக் காயவிட்டு மறுபடி பாருங்கள். ஆசிலோஸ்கோப் புரோபை கிரிஸ்டல் காலில் வைத்துப் பார்ப்பது இங்கே நம்பகமான சோதனை இல்லை. புரோபின் சில பிகோஃபாரடே கூடுதல் சுமையே ஓடும் ஆசிலேட்டரை நிறுத்தப் போதும். நல்ல கிரிஸ்டல் கெட்டதாகத் தெரியும். கிரிஸ்டலின் ஒரு கால் சிப்பின் ஜிபிஐஓ3 பின்னில் போவதால் அந்தப் பின்னை வேறு எதற்கும் இழுக்கவும் கூடாது. அந்தப் பின்னிலிருந்து எல்ஈடிக்கு ஒரு ஒயர் இழுத்தால் ரேடியோவே நின்றுவிடும்.

முதல் நிலையம் வருகிறது, அடுத்தது வரவில்லை

டியூன் செய்வது ஒரு முழுச் சுற்று. 3-வது ரெஜிஸ்டரில் சேனல் எண்ணைப் போட்டு 15-வது பிட்டை 1 ஆக்குங்கள். எஸ்டிசி 1 ஆகும்வரை காத்திருங்கள். சுமார் 60 மில்லிசெகண்ட் எடுக்கும். பிறகு 15-வது பிட்டை 0 ஆக்குங்கள். இப்போது எஸ்டிசி மறுபடி 0 ஆகும்வரை காத்திருங்கள். கடைசி இரண்டு படிகளையும் விட்டால் சிப் பழைய டியூனிலேயே முடிச்சுப் போட்டு நிற்கும், அடுத்த கட்டளையைக் கண்டுகொள்ளாது. அடுத்த நிலையத்தைத் தானே தேடும் சீக்குக்கும் இதே நடைமுறை, பிட் மட்டும் 2-வது ரெஜிஸ்டரின் 8-வது பிட்.

எஸ்டிசிக்காகக் காத்திருக்கும் லூப்பில் கால வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் கிரிஸ்டல் ஓடாத போர்டில் நிரல் அங்கேயே சிக்கிக்கொள்ளும், என்ன பிழை என்றும் தெரியாது.

சில நிலையங்கள் வருகின்றன, சில வருவதே இல்லை

சென்னையில் இதைப் பிடிப்பது சுலபம். 93.5, 98.3, 102.3 எல்லாம் கணீரென்று வருகின்றன, 101.4, 104.8, 106.4 மட்டும் கிடைக்கவில்லை. ஆன்டெனா கோளாறு இப்படித் தேர்ந்தெடுத்து நிலையத்தை விடாது. வராதவற்றின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள், எல்லாம் இரட்டைப்படை.

சேனல் இடைவெளி 200 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது என்பதே இதன் பொருள். அது அமெரிக்க அமைப்பு. சிப் ரிசெட்டானதும் இயல்பாக அதில்தான் இருக்கும். பேண்ட் 87.5-இல் தொடங்குவதால் 200 கிலோஹெர்ட்ஸ் படிகளில் 87.5, 87.7, 87.9 என்று ஒற்றைப்படைகளையே தொட்டுக்கொண்டு போகும். ஆகாசவாணியின் ரெயின்போ 101.4-இல் இருக்கிறது, அதை இந்தப் படிகளால் தொடவே முடியாது. கோல்ட் 102.3-இல் இருப்பதால் தப்பித்துவிடுகிறது. கொடைக்கானல் 100.5-ஐ மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

இந்தியாவில் 100 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வையுங்கள்: 5-வது ரெஜிஸ்டரின் 5, 4-வது பிட்டுகளில் 01. அப்போது சேனல் கணக்கு எளிது. அலைவரிசையிலிருந்து 87.5-ஐக் கழித்துப் பத்தால் பெருக்குங்கள். 102.3 என்றால் 148. டியூன் பிட்டோடு சேர்த்து 3-வது ரெஜிஸ்டருக்கு ஹெக்ஸ் 8094. 100.5 என்றால் 130, ஹெக்ஸ் 8082. இந்தக் கணக்கை ஃபுளோட்டில் (தசம எண்ணில்) செய்து முழு எண்ணாக வெட்டினால் 147.999 என்று வந்து 147 ஆகிவிடும், பக்கத்துச் சேனல் இரைச்சலோடு கேட்கும். 1023 என்று முழு எண்ணிலேயே வைத்து 875-ஐக் கழியுங்கள்.

பழைய லைப்ரரியில் 200-க்கான கணக்கும் 100-க்கான அமைப்பும் கலந்திருந்தால் வேறு மாதிரி தெரியும்: 102.3 கேட்டால் 94.9-க்குப் போய் நிற்கும். 148-ஐ இரண்டால் வகுத்த 74 அது. கேட்ட இடத்துக்கும் போன இடத்துக்கும் 87.5-இலிருந்து உள்ள தூரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாகப் பாதி அல்லது இருமடங்கு என்றால் இடைவெளிக் குழப்பம்தான்.

திரையில் அலைவரிசை ஆயிரக்கணக்கில் காட்டினால் அது வேறு கதை. இப்போது எந்தச் சேனல் என்பது 11-வது ரெஜிஸ்டரின் கீழ் 10 பிட்டுகளில் மட்டும் இருக்கிறது. மேல் 6 பிட்டுகளில் ஆர்டிஎஸ் (நிலையம் ஒலியோடு அனுப்பும் எழுத்துத் தகவல்) பிழை எண்ணிக்கை வரும். அதை வெட்டாமல் படித்தால் ஆர்டிஎஸ் ஆன் ஆனதும் எண் தாறுமாறாகக் குதிக்கும்.

எல்லாம் சரி, சத்தம் இல்லை

எஸ்டிசி வந்தது, சேனல் சரி, சிக்னல் அளவும் நன்றாக இருக்கிறது, காதில் ஒன்றுமில்லை. இங்கே முதலில் 2-வது ரெஜிஸ்டரின் 14-வது பிட். பெயரில் மியூட் இருந்தாலும் இது தலைகீழ்: 1 என்றால் சத்தம் உண்டு, 0 என்றால் மியூட். அடுத்து 5-வது ரெஜிஸ்டரின் கடைசி 4 பிட்டுகள் வால்யூம். 0 என்றால் முழு மியூட், 15 உச்சம். சத்தம் இருக்கிறது, ஆனால் கிசுகிசுப்பாக இருக்கிறது என்றால் 6-வது ரெஜிஸ்டரின் 8-வது பிட்டைப் பாருங்கள். அது 1 ஆனால் வால்யூம் முழுதும் 30 டெசிபல் இறங்கிவிடும்.

சிப்பின் ஆடியோ வெளியீடு 10 கிலோஓம் அளவுக்கான சுமையைத்தான் எதிர்பார்க்கிறது. ஆம்ப் இல்லாத போர்டில் 32 ஓம் ஹெட்போனை நேராக மாட்டினால் சத்தம் வராதது போலவே இருக்கும். வெளியீட்டில் டிசி வோல்டேஜ் இருப்பதால், வெளி ஆம்புக்குப் போகும்போது நடுவில் கப்ளிங் கப்பாசிட்டர் அவசியம்.

இரைச்சல் மட்டும் வருகிறது, அல்லது கிட்ட இருக்கும் நிலையம்கூட மங்கல்

10-வது ரெஜிஸ்டரின் கீழ் பைட் சிக்னல் அளவு, டெசிபல் மைக்ரோவோல்ட்டில், 0 முதல் 75 வரை. அதை ஒரு நொடிக்கு ஒரு முறை அச்சிட்டுக்கொண்டே ஆன்டெனாவை மாற்றிப் பாருங்கள். காதால் ஒப்பிடுவதைவிட இது பல மடங்கு நம்பகமானது.

ஜாக் உள்ள போர்டில் ஹெட்போன் ஒயரே ஆன்டெனா. ஹெட்போனைக் கழற்றி அரை அடி ஆக்ஸ் கேபிளில் ஸ்பீக்கரை மாட்டினால் ஆன்டெனாவும் கூடவே போய்விடும். 98 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 75 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு ஒயர் நேராக, விறைப்பாக இருக்கட்டும், சுருட்டி வைக்காதீர்கள்.

சிக்னல் அளவு 40-க்கு மேல் காட்டியும் இரைச்சல் போகவில்லை என்றால் சிக்னல் இருக்கிறது, சத்தம் வேறெங்கோ இருந்து வருகிறது. மலிவான யுஎஸ்பி சார்ஜர், பக் கன்வர்ட்டர், ஓஎல்ஈடி திரை, ஈஎஸ்பியின் வைஃபை — ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பேட்டரியில் ஓட்டினால் சுத்தமாகிறதா என்பதே முதல் சோதனை.

டிக் டிக் என்று ஒரே சீராக வரும் சத்தத்துக்கு ஐ2சி போக்குவரத்தே காரணமாக இருக்கும். நிலையைக் கேட்டு 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சிப்பைத் தொந்தரவு செய்யும் நிரல்களில் இது நிச்சயம் கேட்கும். 4-வது ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 5804 எழுதினால் டியூன் முடிந்ததும் ஜிபிஐஓ2 பின் 5 மில்லிசெகண்ட் கீழே இறங்கிச் சைகை காட்டும். அதை இன்டரப்ட்டாகப் பிடித்தால் இடைவிடாமல் படிக்கும் தேவையே இல்லை.

சீக் நிற்கவே இல்லை, அல்லது வெற்றிடத்தில் நிற்கிறது

ரிசெட்டில் சீக்கின் சிக்னல் வரம்பு 0-ஆகத்தான் இருக்கும், தர வடிகட்டிகள் இரண்டும் அணைந்திருக்கும். அதனால் இரைச்சலிலும் நிற்கும். 5-வது ரெஜிஸ்டரின் மேல் பைட்டில் 25-ஐயும், 6-வது ரெஜிஸ்டரின் கீழ் பைட்டில் ஹெக்ஸ் 48-ஐயும் வையுங்கள். அந்த 4 சிக்னல்-இரைச்சல் வரம்பு, 8 இம்பல்ஸ் வரம்பு. நகரத்துக்கு வெளியே நிலையங்கள் தவறினால் 25-ஐ 12 ஆகக் குறையுங்கள், 48-ஐத் தொடாதீர்கள். சுற்றிச் சுற்றி வந்து தோற்றால் 10-வது ரெஜிஸ்டரின் 13-வது பிட் 1 ஆகும். அதைப் பார்க்காமல் நிலையம் கிடைத்ததாக நினைத்துக்கொள்ளும் நிரல்கள் நிறைய உண்டு.

குரல் அமுங்கியிருக்கிறது, ஸ்டீரியோ வரவில்லை, ஆர்டிஎஸ் காலி

குரல் கம்பளிக்குள் இருந்து வருவது போல் இருந்தால் டி-எம்ஃபசிஸ் (நிலையம் தூக்கி அனுப்பும் உயர் ஒலிகளைத் திரும்பக் குறைக்கும் அமைப்பு) 75 மைக்ரோசெகண்டில் நிற்கிறது. இந்தியாவுக்கு 50 வேண்டும்: 4-வது ரெஜிஸ்டரின் 11-வது பிட் 1.

ஸ்டீரியோ கலவை இயல்பில் சிக்னல் 31-இலிருந்து 49-க்குள் மெல்ல ஏறும். 31-க்குக் கீழே மோனோதான், அது கோளாறு இல்லை. எல்லையில் ஸ்டீரியோவும் இரைச்சலுமாக ஊசலாடினால் 2-வது ரெஜிஸ்டரின் 13-வது பிட்டால் மோனோவாகவே நிறுத்திவிடுங்கள், கேட்க நன்றாக இருக்கும்.

ஆர்டிஎஸ் ஆன் செய்வது 4-வது ரெஜிஸ்டரின் 12-வது பிட். ஒரு தொகுதி வர சுமார் 88 மில்லிசெகண்ட் ஆகும். தயார் என்று சொல்லும் பிட் சுமார் 40 மில்லிசெகண்ட் மட்டுமே மேலே இருக்கும், அதற்குள் படிக்காவிட்டால் போய்விடும். எட்டு எழுத்து நிலையப் பெயர் இரண்டிரண்டாக நான்கு தொகுதிகளில் வருவதால், ஒன்று தவறினாலும் பெயர் நடுவில் ஓட்டை விழும். நிலையம் மாற்றும்போது பழைய எழுத்துகளை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பெயர்கள் கலந்து தெரியும். ஒரு நிலையத்தில் வந்து இன்னொன்றில் வரவில்லை என்றால் அந்த நிலையம் ஆர்டிஎஸ் அனுப்பாமல் இருக்கலாம். நிரலைத் தோண்டும் முன் ஆர்டிஎஸ் உள்ள காரிலோ போனிலோ சரிபாருங்கள்.

நிரல் ஏற்றும்போதெல்லாம் தொங்கிவிடுகிறது, யுஎஸ்பியைப் பிடுங்கி மாட்டினால்தான் ஓடுகிறது

நிரல் ஏற்றும்போது மைக்ரோகன்ட்ரோலர் மட்டும் ரிசெட் ஆகிறது, ரேடியோ சிப் ஆவதில்லை. ஒரு பைட்டைப் பாதி அனுப்பிய நிலையில் அது எஸ்டிஐஓவைக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கும். ஆர்எஸ்டியை நேராக 3.3 வோல்ட்டில் கட்டிவிட்டவர்களுக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. ஒவ்வொரு பூட்டிலும் ரிசெட் வரிசை முழுதும் ஓட வேண்டும்.

இந்தியாவில் ஓடவேண்டிய ஆரம்ப அமைப்பு, 2-வது ரெஜிஸ்டரிலிருந்து 7 வரை ஒரே எழுத்தில் 12 பைட்டுகள், எல்லாம் ஹெக்ஸ்: 40 01, 00 00, 18 00, 19 18, 00 48, 81 00. வால்யூம் 8. இதே 12 பைட்டை முதலில் 40 01-க்குப் பதில் 00 00 வைத்து அனுப்பி 500 மில்லிசெகண்ட் காத்திருந்து, பிறகு 40 01-உடன் அனுப்பி 110 மில்லிசெகண்ட் காத்திருங்கள். போர்டு நன்றாக ஓடும் நிலையில் 32 பைட்டையும் ஒருமுறை அச்சிட்டு நிரலின் தலையில் கமென்ட்டாக ஒட்டி வையுங்கள். அடுத்த முறை நின்றுபோனால் புதிதாக எடுத்த 32 பைட்டைப் பக்கத்தில் வைத்து, எந்த ரெஜிஸ்டர் மாறியிருக்கிறதோ அந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.